நீதிபதி நியமனமும் நலிந்தோர் மறுப்பும்: சென்னை வழக்கறிஞர்கள் எழுப்பிய இரு எதிர்ப்புகள் (2009, 2023)

ஆய்வுச் சுருக்கம்

உயர் நீதிமன்றத்திற்கோ உச்ச நீதிமன்றத்திற்கோ பரிந்துரைக்கப்பட்ட ஒருவரின் நியமனத்தை, நலிந்த மக்களின் உரிமையை முன்னிறுத்திச் சென்னை வழக்கறிஞர்கள் இருமுறை எதிர்த்தனர். 2009இல் பி.டி. தினகரனைக் குறித்து எழுந்த எதிர்ப்பு நியமனத்தைத் தடுத்தது. 2023இல் எல். விக்டோரியா கௌரியைக் குறித்து எழுந்த எதிர்ப்பு அவ்வாறு தடுக்கவில்லை. இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிடும் இக்கட்டுரை, நிலத்திற்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட தீங்கை ஆராய நமது அமைப்பில் வழி இருந்ததையும், நம்பிக்கைக்கு நேரும் தீங்கை ஆராய வழி இல்லாததையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: நீதிபதி நியமனம், கொலீஜியம், தகுதி, பொருத்தப்பாடு, காவேரிராஜபுரம், சிறுபான்மையினர், சென்னை உயர் நீதிமன்றம்

முன்னுரை

கோடம்பாக்கத் திரையுலகம் நீதிமன்றக் காட்சிகளை நெடுங்காலமாகப் படைத்து வருகிறது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘ஜெய் பீம்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. 1993இல் காவல் துறையின் பிடியில் உயிரிழந்த இராசாக்கண்ணுவின் வழக்கே அப்படத்திற்கு அடிப்படை. உண்மை நிகழ்வில் பாதிக்கப்பட்டது குறவர் சமூகத்துக் குடும்பம். படம் இருளர் குடும்பமாகக் காட்டியது. அக்குடும்பத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்திய வழக்கறிஞர் கே. சந்துரு, 2006இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார்.

படம் வழக்கறிஞரைக் கதைத்தலைவனாக்கியது இயல்பே. எனினும் அத்தகைய மனு வெற்றி பெற, அதைக் கேட்கும் இருக்கையில் அமர்ந்திருப்பவரும் காரணமாகிறார். காவல் நிலையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மறுக்கப்பட்ட ஒருவர் கடைசியாக வந்து நிற்கும் இடம் உயர் நீதிமன்றம். அங்கே அமரப்போகிறவர் தம்மைச் சமமாகப் பார்ப்பாரா என்னும் கேள்வி அவருக்கு வாழ்வுக் கேள்வியாகும். அக்கேள்வியை நியமனத்திற்கு முன்பே எழுப்ப அவருக்கு இடம் உண்டா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

நியமன முறையில் மக்களின் இடம்

உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்தை அரசமைப்புச் சட்டத்தின் 124ஆம் உறுப்பும், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்தை 217ஆம் உறுப்பும் வகுக்கின்றன. 1993ஆம் ஆண்டின் இரண்டாம் நீதிபதிகள் வழக்கும், 1998இல் குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துரைக்கு அளிக்கப்பட்ட விடையும் நியமனத்தில் முதன்மை இடத்தை மூத்த நீதிபதிகளின் குழுவாகிய கொலீஜியத்திற்கு அளித்தன. இதற்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபர் 16 அன்று செல்லாததாக்கியது.

நடப்பிலுள்ள முறையில் உயர் நீதிமன்றக் கொலீஜியம், மாநில அரசு, ஆளுநர், ஒன்றியச் சட்ட அமைச்சகம், உளவுத்துறை, உச்ச நீதிமன்றக் கொலீஜியம் ஆகிய அனைத்துக்கும் இடம் உண்டு. பொதுமக்களின் மறுப்பைக் கேட்கும் கட்டம் ஒன்று இல்லை. 2017 அக்டோபர் முதல் கொலீஜியத் தீர்மானங்கள் வெளியிடப்படுகின்றன. ஆயினும் தீர்மானம் வெளியாகும்போது முடிவு பெரிதும் எட்டப்பட்டிருக்கும். மறுப்புரைக்க விரும்புவோர்க்குக் கிடைப்பது தீர்மானத்திற்கும் அரசின் நியமன அறிவிக்கைக்கும் இடைப்பட்ட காலம் மட்டுமே. அதன் நீளத்தை எவ்விதியும் வரையறுக்கவில்லை. 2009இல் அது மாதக்கணக்கில் நீண்டது. 2023இல் 20 நாள்களில் முடிந்தது.

காவேரிராஜபுரம், 2009

2009 ஆகஸ்டில் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான கொலீஜியம் உச்ச நீதிமன்றத்திற்கு ஐவரைப் பரிந்துரைத்தது. அவருள் ஒருவர் கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.டி. தினகரன். அவர் முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். செப்டம்பரில், ஆர். வைகை உள்ளிட்ட சென்னை வழக்கறிஞர்கள் நீதித்துறைப் பொறுப்புடைமை மன்றத்தின் சார்பில் அப்பரிந்துரையை எதிர்த்து முறையீடு அனுப்பினர். ஃபாலி நாரிமன், சாந்தி பூஷண் முதலிய மூத்த வழக்கறிஞர்களும் தில்லியில் இதனை முன்னெடுத்தனர்.

முறையீட்டின் மையம் திருவள்ளூர் மாவட்டம் திருத்தணி வட்டத்தைச் சேர்ந்த காவேரிராஜபுரம் கிராமம். அங்கே அவரும் அவர் குடும்பத்தினரும் உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலம் வைத்திருப்பதாகவும், அதனை ஒட்டிய அரசுப் புறம்போக்கு நிலத்தையும் வேலிக்குள் சேர்த்துக்கொண்டதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டது. தலைமை நீதிபதி மாவட்ட ஆட்சியரிடம் அறிக்கை கேட்டார். ஏறத்தாழ 200 ஏக்கர் அரசு நிலம் ஆக்கிரமிக்கப்பட்டிருப்பதாக அவ்வறிக்கை கூறியதாகச் செய்தி வெளியானது. தினகரன் குற்றச்சாட்டுகளை மறுத்தார்.

புறம்போக்கு என்பது வெறும் வருவாய்த்துறைச் சொல் அன்று. மேய்ச்சல், விறகு, நீர்வழி, நடைபாதை ஆகியவற்றுக்கு நிலமற்றோர் நம்பியிருப்பது அந்நிலத்தையே. அதில் ஒப்படைப்புக்குத் தக்க பகுதியை நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு வழங்குவது அரசின் நெடுங்கால நடைமுறை. ஆகவே வேலி போடப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒவ்வோர் ஏக்கருக்கும் பின்னால் அந்நிலத்தைக் கோரும் உரிமையுள்ள ஏழைகள் இருந்தனர். 2009 டிசம்பரில் மாநிலங்களவை உறுப்பினர்கள் 75 பேர் அளித்த பதவிநீக்கத் தீர்மான அறிவிப்பு இதனை வெளிப்படையாகவே பதிவு செய்தது. தலித்துகளும் ஏழைகளும் வாழ்வாதாரம் இழக்கும் வகையில் பொதுச்சொத்தை ஆக்கிரமித்தமை, அவர்களுடைய மனித உரிமையை மீறியமை ஆகியன குற்றச்சாட்டுகளாக அதில் இடம்பெற்றன.

இந்நிகழ்வின் சிக்கல், தினகரனும் தலித் பின்னணியிலிருந்து வந்தவர் என்பதில் உள்ளது. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதாலேயே அவர் குறிவைக்கப்படுகிறார் என அவருடைய ஆதரவாளர்கள் வாதிட்டனர். உயர் நீதித்துறையில் தலித் நீதிபதிகள் மிகக் குறைவாகவே இருந்துவரும் நிலையில், அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஒரே மக்களின் பெயரால் இரு தரப்பும் பேசின. ஒன்று நீதிமன்ற இருக்கையில் அவர்களுக்குரிய இடத்தைக் கேட்டது. மற்றொன்று கிராமத்தில் அவர்களுக்குரிய நிலத்தைக் கேட்டது.

பரிந்துரைக்கப்பட்ட மற்ற நால்வரும் 2009 நவம்பரில் பதவியேற்றனர். தினகரனின் பரிந்துரை முன்னகரவில்லை. மாநிலங்களவைத் தலைவர் ஹமீத் அன்சாரி தீர்மானத்தை ஏற்று விசாரணைக் குழு அமைத்தார். 2010இல் தினகரன் சிக்கிம் உயர் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டார். 2011 ஜூலை 29 அன்று பதவி விலகினார். அதனால் குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்படவும் இல்லை, பொய்யென அறுதியிடப்படவும் இல்லை.

2023 பிப்ரவரி

2023 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றக் கொலீஜியம் சென்னை உயர் நீதிமன்றத்திற்குப் பரிந்துரைத்தவர்களுள் எல். விக்டோரியா கௌரியும் ஒருவர். மதுரை அமர்வில் ஒன்றிய அரசின் வழக்கறிஞராகப் பணியாற்றிய அவர், பாரதிய ஜனதா கட்சியின் மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர். பிப்ரவரித் தொடக்கத்தில் என்.ஜி.ஆர். பிரசாத், ஆர். வைகை, அன்னா மேத்யூ, டி. நாகசைலா, சுதா ராமலிங்கம் முதலிய வழக்கறிஞர்கள் குடியரசுத் தலைவருக்கும் கொலீஜியத்திற்கும் மறுப்புக் கடிதம் அனுப்பினர்.

கட்சிச் சார்பு தங்கள் மறுப்புக்குக் காரணம் அன்று என அவர்கள் தெளிவுபடுத்தினர். 2012இல் ‘ஆர்கனைசர்’ இதழில் வெளிவந்த கட்டுரையையும் யூடியூப் நேர்காணல்களையும் சுட்டி, அவை கிறித்துவர்களையும் முஸ்லிம்களையும் ஒட்டுமொத்தமாக இழித்துரைக்கும் வெறுப்புப் பேச்சு என்றனர். அத்தகைய கருத்தைப் பொதுவெளியில் கூறிய ஒருவர்முன், அச்சமூகத்தைச் சேர்ந்த வழக்காடி எந்த நம்பிக்கையுடன் நிற்பார் என்பது அவர்களின் கேள்வி. மறுபுறம், அவருடைய நியமனத்தை ஆதரித்து மதுரை அமர்வின் வழக்கறிஞர்கள் பலரும் எழுதினர். தென்மாவட்டத்திலிருந்து ஒரு பெண் உயர் நீதிமன்ற நீதிபதியாவது இங்கும் பிரதிநிதித்துவத்தின் பெயரால் வரவேற்கப்பட்டது.

பிப்ரவரி 6 அன்று வழக்கு தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் முன் குறிப்பிடப்பட்டபோது, பரிந்துரைக்குப் பின் சில செய்திகள் கொலீஜியத்தின் கவனத்திற்கு வந்ததாக அவர் கூறினார். அன்றே ஒன்றிய அரசு நியமன அறிவிக்கையை வெளியிட்டது. மறுநாள் காலை 10.35 மணிக்குச் சென்னையில் பதவியேற்பு குறிக்கப்பட்டிருந்தது. அதற்குச் சில நிமிடங்கள் முன்னரே தில்லியில் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, பி.ஆர். கவாய் அமர்வு விசாரணையைத் தொடங்கியது. மனுதாரர்களுக்காக மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரன் வாதிட்டார். மனு தள்ளுபடி செய்யப்பட்டது. பொறுப்புத் தலைமை நீதிபதி டி. ராஜா பதவிப்பிரமாணம் செய்துவைத்தார்.

பிப்ரவரி 10 அன்று வெளியான விரிவான ஆணை, தகுதிக்கும் பொருத்தப்பாட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டது. 217ஆம் உறுப்பு கூறும் தகுதி ஒருவருக்கு உண்டா என்பதை நீதிமன்றம் ஆராயலாம். அவர் பொருத்தமானவரா என்பது கொலீஜியத்தின் முடிவுக்கு உரியது. மகேஷ் சந்திர குப்தா வழக்கில் (2009) கூறப்பட்ட நெறி இதுவே. குடியரசுத் தலைவரின் நியமன ஆணைக்குப் பின்னரும் ஒருவரின் நியமனத்தை உச்ச நீதிமன்றம் நீக்கிய குமார் பத்ம பிரசாத் வழக்கு (1992) தகுதியின்மையைப் பற்றியது. அவர் நீதித்துறைப் பதவி எதையும் வகித்தவர் அல்லர் என்பதே அங்கே காரணம். கௌரியின் நியமனத்தில் அத்தகைய குறை இல்லை என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. கூடுதல் நீதிபதியாகவே நியமிக்கப்படுவதால், நிரந்தரமாக்கும் கட்டத்தில் அவருடைய பணி மதிப்பிடப்படும் என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டது. 2024இல் அவர் நிரந்தர நீதிபதியானார். அவருடைய தீர்ப்புகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று.

அளக்கத்தக்க தீங்கும் அளக்கவியலாத தீங்கும்

இரு எதிர்ப்புகளும் பெரிதும் ஒரே வட்டத்து வழக்கறிஞர்களிடமிருந்து எழுந்தன. இரண்டும் நலிந்தோர் உரிமையை முன்வைத்தன. முடிவுகள் வேறுபட்டதற்கு அரசியல் சூழலின் மாற்றத்தை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. கால அளவும் ஆளுங்கட்சியும் வேறுபட்டன என்பது உண்மை. ஆயினும் அவற்றினும் அடிப்படையான வேறுபாடு, தீங்கு பதிவாகும் முறையில் உள்ளது.

காவேரிராஜபுரத்து நிலத்திற்குப் புல எண் உண்டு. பட்டா, அடங்கல், புலப்படம் ஆகியன உண்டு. வேலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அளந்து சொல்ல நில அளவர் உண்டு. ‘ஏழைகளின் உரிமை பறிபோனது’ என்னும் கூற்றை ஏக்கர் கணக்காக மாற்றி ஆட்சியரின் கையொப்பத்துடன் தலைமை நீதிபதியின் மேசைக்கு அனுப்ப முடிந்தது. அதன்பின் அதனை வெறும் கருத்து என ஒதுக்க இயலாமற் போனது.

2023இன் மறுப்பில் அத்தகைய பதிவேடு இல்லை. பேச்சின் ஒளிப்பதிவு இருந்தது. ஆனால் அப்பேச்சு ஒரு கிறித்துவ வழக்காடியின் அல்லது முஸ்லிம் வழக்காடியின் நம்பிக்கையை எவ்வளவு குறைத்தது என அளக்கும் கோல் எந்த அலுவலகத்திலும் இல்லை. அதனால் அத்தீங்கு பொருத்தப்பாடு என்னும் தலைப்பின்கீழ்ச் சென்று, நீதிமன்றம் நுழைய மறுக்கும் அறைக்குள் அடங்கிவிட்டது. சொத்தைப் பற்றிய மறுப்புக்கு விடை கிடைத்தது; சமத்துவத்தைப் பற்றிய மறுப்புக்கு, அதைக் கேட்டு முடிவு செய்யும் இடம் வேறு என்னும் பதிலே கிடைத்தது. அந்த வேறிடமாகிய கொலீஜியத்தில் மறுப்பாளர்க்கு வாயில் இல்லை.

சார்பு குறித்த இரு அளவுகோல்கள்

நம்பிக்கையை அளக்க இயலாது என்பதால் அதனைச் சட்டம் அறியாது எனக் கொள்ளலாகாது. தினகரன் வழக்கின் ஒரு கிளையே இதற்குச் சான்று. விசாரணைக் குழுவில் சட்ட வல்லுநராக இடம்பெற்ற பி.பி. ராவ், தினகரனின் பதவி உயர்வை எதிர்த்த கருத்தரங்கில் முன்னரே பங்கேற்றவர். அதனைச் சுட்டித் தினகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜூலையில் அவருடைய ஐயம் நியாயமானது என ஏற்றது. ராவுக்கு மாற்றாக மற்றொருவர் நியமிக்கப்பட வழிவகுத்தது. ராவின் நேர்மையை நீதிமன்றம் ஐயுறவில்லை. விசாரிக்கப்படுபவரின் இடத்திலிருந்து பார்க்கும் நடுநிலையாளர் ஒருவருக்குச் சார்பு பற்றிய நியாயமான ஐயம் எழுமா என்பதே அங்குக் கையாளப்பட்ட அளவுகோல்.

அந்த அளவுகோல் இயற்கை நீதியின் அடிப்படை. முன்கூட்டிக் கருத்துரைத்த ஒருவர் ஒரு நீதிபதியை விசாரிக்கும் குழுவில் இருக்கலாகாது என்றால், ஒரு சமூகத்தைப் பற்றி முன்கூட்டிக் கருத்துரைத்தவராகச் சொல்லப்படுபவர் அச்சமூகத்தினரின் வழக்குகளைக் கேட்கலாமா என்னும் கேள்வியும் அதே அளவுகோலால் ஆராயத்தக்கதே. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. முன்னது ஒரு குறிப்பிட்ட வழக்கு. பின்னது ஒரு பதவி. குறிப்பிட்ட வழக்கிலிருந்து விலகுமாறு நீதிபதியைப் பின்னர் வேண்டிக்கொள்ளவும் இயலும். ஆனால் அவ்வேண்டுகோளின் சுமை யார்மீது விழுகிறது என்பதை நோக்கவேண்டும். ஓர் எளிய வழக்காடி, தம் வழக்கைக் கேட்க அமர்ந்திருக்கும் நீதிபதியிடமே, தங்கள்மீது எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லவேண்டிய நிலை அது.

அதே நாளில் நிகழ்ந்த மற்றொரு செய்தியும் இங்கே கருதத்தக்கது. 2023 ஜனவரி 17 அன்றே கொலீஜியம் சென்னை வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யனின் பெயரை மீண்டும் வலியுறுத்தியது. பிரதமரை விமர்சித்த கட்டுரையொன்றைப் பகிர்ந்ததும், நீட் தேர்வை ஒட்டிய மாணவியின் தற்கொலையைக் குறித்துப் பதிவிட்டதும் அவருக்கு எதிராகச் சுட்டப்பட்டிருந்தன. அவை அவருடைய பொருத்தப்பாட்டைக் குறைக்கவில்லை என்றும், மற்றவர்களுக்கு முன்பாக அவர் நியமிக்கப்படவேண்டும் என்றும் கொலீஜியம் கூறியது. ஆனால் பிப்ரவரியில் பதவியேற்றோர் வரிசையில் அவர் இல்லை. மார்ச் மாதத் தீர்மானத்தில் கொலீஜியமே இதனைக் கவலைக்குரியதாகப் பதிவு செய்தது. அரசைப் பற்றிய கருத்து ஒருவரை நிறுத்தி வைத்தது. மக்கட் பிரிவுகளைப் பற்றிய கருத்து மற்றொருவரை நிறுத்தவில்லை. அதிகாரத்தைத் தொடும் சொல்லும் நலிந்தோரைத் தொடும் சொல்லும் ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை என்பது இதனால் புலனாகிறது.

எதிர்ப்பின் வரம்புகள்

எதிர்ப்புகள் அனைத்தும் சரியானவை எனக் கொள்ள வரலாறு இடந்தருவதில்லை. 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் இடம்பெற்ற வி.ஆர். கிருஷ்ணய்யர் 1973இல் உச்ச நீதிமன்றத்திற்கு நியமிக்கப்பட்டபோது, அவருடைய இடதுசாரிப் பின்னணியைச் சுட்டி மும்பை வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்தனர். எதிர்த்தவர்களுள் ஒருவரான சோலி சொராப்ஜி பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். சிறைவாசிகளின் உரிமைக்கும் ஏழைகளின் நீதி அணுகலுக்கும் கிருஷ்ணய்யரின் தீர்ப்புகள் வழிதிறந்தன. கட்சிப் பின்னணியை மட்டும் அடிப்படையாகக் கொண்ட எதிர்ப்பு தவறக்கூடும் என்பதற்கு அது சான்று.

அமெரிக்க வரலாறு இன்னும் சிக்கலான பாடத்தைத் தருகிறது. 1930இல் குடியரசுத் தலைவர் ஹூவர், ஜான் ஜே. பார்க்கரை உச்ச நீதிமன்றத்திற்கு நியமிக்க முன்மொழிந்தார். 1920இல் வட கரோலினா ஆளுநர் தேர்தலில் போட்டியிட்டபோது, கறுப்பின மக்களின் அரசியல் பங்கேற்பை விரும்பாத வகையில் அவர் பேசியிருந்தார். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமும் தொழிலாளர் அமைப்புகளும் எதிர்த்தன; மே 7 அன்று செனட் 41க்கு 39 என்னும் வாக்குக் கணக்கில் அவரை நிராகரித்தது. கீழமை நீதிமன்றத்தில் தொடர்ந்த பார்க்கர், 1940இல் கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கோரிய வழக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்; 1951இல் பள்ளிகளில் இனப் பிரிவினையைச் செல்லுமென ஏற்றார்.

பேச்சைக் கொண்டு ஒருவரின் தீர்ப்புகளை முன்னறிய முடியாது என்பதற்கு முதல் வழக்கும், முன்னறிந்தது முற்றிலும் பொய்யன்று என்பதற்கு இரண்டாம் வழக்கும் எடுத்துக்காட்டாகும். எனினும் 1930இல் கறுப்பின மக்கள் கேட்டது எதிர்காலக் கணிப்பு மட்டுமன்று. அவர்களைக் குறித்துப் பேசப்பட்டதற்கு விடை வேண்டினர். அவ்விடை பெயர் சொல்லி அளிக்கப்பட்ட வாக்குகளாகப் பதிவாயிற்று. செனட் முறையில் கட்சிப் பூசல் மிகுதி. அதனை இங்கே அப்படியே பின்பற்றவேண்டும் என்பது கருத்தன்று. மறுப்புக்குப் பதிவு பெற்ற விடை ஒன்று உண்டு என்பதே அம்முறையில் கருதத்தக்க கூறு.

முடிவுரை

2009, 2023 ஆகிய இரு நிகழ்வுகளும் சேர்ந்து உணர்த்துவது ஒன்று. நீதிபதி நியமனத்தில் நலிந்தோரின் மறுப்பு செல்லுபடியாவது அது வருவாய்ப் பதிவேட்டின் மொழிக்கு மாற்றப்படும்போதுதான். சமத்துவம், கண்ணியம், நம்பிக்கை ஆகிய மொழிகளில் அது பேசப்படும்போது அதைக் கேட்கும் மன்றம் இல்லை. பிரதிநிதித்துவம் இக்குறையை நிறைவு செய்யாது என்பதையும் இரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. ஒரு சமூகத்திலிருந்து ஒருவர் உயர்வதும், அச்சமூகத்தின் அல்லது பிற சமூகங்களின் எளியோர் அவரை நம்புவதும் தனித்தனியே விடை காணவேண்டிய கேள்விகள்.

இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. பரிந்துரை வெளியாவதற்கும் அறிவிக்கைக்கும் இடையே குறிப்பிட்ட கால அளவை வகுக்கலாம். அக்காலத்துள் வரும் மறுப்புகளைக் கொலீஜியம் எழுத்தில் பெற்று, ஏற்பதற்கோ மறுப்பதற்கோ உரிய காரணத்தைத் தீர்மானத்தில் சேர்க்கலாம். பொய்யான மறுப்புகளிலிருந்து பரிந்துரைக்கப்பட்டவரைக் காப்பதற்கும் அதுவே வழி. விடை இல்லாத குற்றச்சாட்டு அவரையும் நிழலாகத் தொடர்கிறது. கூடுதல் நீதிபதியை நிரந்தரமாக்கும் கட்டத்திலும் இதே முறையைக் கடைப்பிடிக்கலாம்.

நீதிபதி ஏற்கும் உறுதிமொழி, அச்சமோ தயவோ, விருப்போ வெறுப்போ இன்றிக் கடமையாற்றுவதாகக் கூறுகிறது. அந்த வாக்குறுதி யாருக்கு அளிக்கப்படுகிறதோ அவர்களுள் மிக எளியவர், அது மெய்ப்படுமா என்று முன்கூட்டிக் கேட்பதை அவமதிப்பாகக் கருதவேண்டியதில்லை. 2023 பிப்ரவரி 7 காலையில் அக்கேள்விக்குக் கிடைத்தவை சில நிமிடங்கள். அதைக் காட்டிலும் நீண்ட விசாரணைக்கு அது உரியது.